லா லா லாவுக்கு எந்த மொழி?

யூரோவிஷன் பாட்டுப் போட்டியை நாடுகளுக்கு இடையிலான போட்டி என்றுதான் நாம் சொல்லிக்கொள்கிறோம். கொடி, தேசப் பெயர், கண்ணீர் எல்லாம் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் அங்கே போட்டியிடுபவை தொலைக்காட்சி நிலையங்கள். ஸ்பெயின் என்ற பெயரில் மேடையேறுபவரை அனுப்புவது அந்நாட்டின் அரசுத் தொலைக்காட்சியான டிவிஇ. யாரை அனுப்புவது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதெல்லாம் நிலையத்தின் பாடு. நாலு அதிகாரிகள் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுக்கலாம், ஊரையே கூப்பிட்டு ஓட்டுப் போடவும் சொல்லலாம். எனக்குப் பாட்டுகளைவிட இந்தத் தேர்வுக் கதைகள்மேல்தான் ஆசை அதிகம். ஒரு தேசம் எந்தக் குரலில், எந்த மொழியில் வெளியே பேச வேண்டும் என்று ஒரு அலுவலகம் முடிவுசெய்கிறது, பாருங்கள். அது சின்ன விஷயமே இல்லை.

1968. ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் முப்பதாவது ஆண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டுக்கான பாட்டு 'லா, லா, லா'. எழுதியது டூயோ டினாமிகோ என்ற பிரபல இரட்டையர். பல்லவியில் 'லா'வைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடையாது. மொழியே தேவைப்படாத பாட்டு என்றுகூடச் சொல்லலாம். அதைப் பாட டிவிஇ தேர்ந்தெடுத்தது ஜோவான் மனுவேல் செர்ராட் என்ற இருபத்துநான்கு வயதுப் பையனை.

செர்ராட் பார்சலோனாவின் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா கட்டலான்காரர், அம்மா அரகோன் பகுதியிலிருந்து வந்தவர். வீட்டிலேயே இரண்டு மொழி. ஆனால் கிட்டார் எடுத்துப் பாட ஆரம்பித்தது கட்டலானில். ஃபிராங்கோ ஆட்சி பள்ளியிலிருந்தும் அரசு அலுவலகத்திலிருந்தும் துரத்திவிட்ட மொழி அது. அறுபதுகளில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தபோது, 'நோவா கான்சோ', அதாவது புதிய பாடல் என்ற இயக்கம் கட்டலானில் பாடத் தொடங்கியது. செர்ராட் அதன் செல்லப்பிள்ளை. அவர் ஸ்பானிஷிலும் பாடப்போகிறார் என்று தெரிந்ததுமே கட்டலான் வட்டாரத்தில் 'துரோகம்' என்ற சொல் கேட்க ஆரம்பித்துவிட்டது. இந்தப் பக்கம் அரசுத் தொலைக்காட்சி, அந்தப் பக்கம் சொந்த ஜனம். நடுவில் இவர்.

பாட்டைப் பதிவுசெய்தார், விளம்பரத்துக்காக ஐரோப்பாவையும் சுற்றினார். மார்ச் கடைசி வாரத்தில், போட்டிக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது, பகிரங்கமாக ஒரு கடிதம் வந்தது. கட்டலானில் பாட விடாவிட்டால் லண்டனில் பாட மாட்டேன் என்பதுதான் அதன் சாரம்.

டிவிஇ மறுத்தது. கையில் ஒரு நல்ல சாக்கும் இருந்தது. 1966 முதல் யூரோவிஷனில் ஒரு விதி: பாட்டு அந்தந்த நாட்டின் தேசிய மொழியில் இருக்க வேண்டும். ஸ்வீடன் 1965இல் ஆங்கிலத்தில் பாடியதையடுத்து வந்த விதி அது. சிறிய நாடுகள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடக்கூடாது என்ற நல்லெண்ணம் இருந்திருக்கலாம். ஆனால் எது தேசிய மொழி? ஃபிராங்கோவின் ஸ்பெயினில் அதற்கு ஒரே ஒரு பதில்தான். மொழியைக் காக்கப் போட்ட விதி, அந்தக் கைக்குப் போனதும் இன்னொரு மொழியின் வாயைக் கட்டப் பயன்பட்டது. இந்த இடத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

மெக்சிகோவில் இசைப்பயணத்தில் இருந்த மஸ்ஸியேல் என்ற இளம் பாடகியை டிவிஇ அவசர அவசரமாக வரவழைத்தது. சில நாள்களில் பாட்டைக் கற்று, ஸ்பானிஷில் பாடி, ஏப்ரல் 6 அன்று லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வென்றேவிட்டார். ஸ்பெயின் 29 புள்ளி, பிரிட்டனின் கிளிஃப் ரிச்சர்ட் 28. ஒரே புள்ளி வித்தியாசம். ஸ்பெயினுக்கு அதுதான் முதல் வெற்றி. ஃபிராங்கோ அரசு ஓட்டுகளை வாங்கியது என்று 2008இல் ஒரு ஆவணப்படத்தில் சொன்னார்கள். அதில் அப்படிப் பேசியவரே பிறகு, ஊரில் எல்லோரும் சொன்ன வதந்தியைத்தான் சொன்னேன் என்று பின்வாங்கினார். நல்ல கதை, ஆதாரம் இல்லை. விட்டுவிடலாம்.

மஸ்ஸியேலை ஆட்சியின் கைப்பாவை என்று தள்ளிவிடுவது சுலபம். அது நியாயமாக இருக்காது. அவர் அதற்கு முன் புகழ்பெற்றது லூயிஸ் எதுவார்தோ ஆவ்தேயின் பாட்டால். பின்னால் பிரெக்டின் பாடல்களையும் பாடினார். கிடைத்த மேடையில் நன்றாகப் பாடினார், அவ்வளவுதான்.

செர்ராட்டுக்கு அரசு வானொலியும் தொலைக்காட்சியும் பல ஆண்டுகள் கதவைச் சாத்தின. ஆனால் அடுத்த ஆண்டே அவர் வெளியிட்ட இசைத்தட்டு என்ன தெரியுமா? அந்தோனியோ மச்சாதோவின் கவிதைகள், ஸ்பானிஷில்! அவருடைய மிகப்பெரிய வெற்றிகளில் ஒன்று. அவர் அந்த மொழியை வெறுக்கவேயில்லை. எந்த மொழியில் பாடுவது என்பதை டிவிஇ சொல்லக்கூடாது என்பதுதான் சண்டை. 1975இல் ஃபிராங்கோ ஆட்சியின் மரண தண்டனைகளைக் கண்டித்ததற்காக மெக்சிகோவில் அகதியாகத் தங்க வேண்டிவந்தது. அது தனிக்கதை.

சர்வாதிகாரம் போய் ஜனநாயகம் வந்தது. தேர்வுமுறையும் மாறி மாறிப் பார்த்தார்கள். 2008இல் இணையத்தில் எல்லோரையும் ஓட்டுப்போட விட்டபோது மக்கள் அனுப்பியது ரொடோல்ஃபோ சிகிலிகுவாத்ரே என்ற நகைச்சுவைப் பாத்திரத்தை. பொம்மை கிட்டாரோடு போய் பதினாறாம் இடம் பிடித்தார். சும்மா சொல்லக்கூடாது, ஜனங்களுக்குச் செம சந்தோஷம். அதிகாரிகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இதுமாதிரி அனுபவங்களுக்குப் பிறகுதான் நிலையங்கள் நடுவர் குழுவை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன.

2022இல் பெனிடோர்ம் ஃபெஸ்ட் என்ற பெயரில் புதிய தேர்வு விழா. விதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது: நடுவர்களுக்குப் பாதி; மாதிரிக் கருத்துக்கணிப்புக்குக் கால்; தொலைபேசி ஓட்டுக்குக் கால். தான்ஷுகெய்ராஸ் என்ற மூன்று பெண்கள் கலீசிய மொழியில், கையில் பாண்டெய்ரெட்டா என்ற தோல் தாளக்கருவியோடு 'தெர்ரா' பாடினார்கள். தொலைபேசி ஓட்டில் அவர்களுக்குக் கிடைத்தது 70.75 சதவீதம். ஆங்கிலம் கலந்த ஸ்பானிஷில் 'ஸ்லோமோ' பாடிய சானெலுக்கு 4 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு.

வென்றவர் சானெல்.

எப்படி? ஓட்டுகளை அப்படியே கூட்டவில்லை, தரவரிசையாக மாற்றினார்கள். முதலிடத்துக்கு 30, இரண்டாமிடத்துக்கு 25, மூன்றாமிடத்துக்கு 20. ஆக 70 சதவீதத்துக்கும் 4 சதவீதத்துக்கும் இடையே வித்தியாசம் வெறும் பத்துப் புள்ளி. கருத்துக்கணிப்பிலும் தான்ஷுகெய்ராஸ்தான் முதல். நடுவர்களோ சானெலுக்கு 51, இவர்களுக்கு 30 கொடுத்தார்கள். மொத்தம் 96, 90. 91 புள்ளி பெற்ற ரிகோபெர்தா பண்டீனிக்கும் பின்னால், மூன்றாமிடம்.

விவகாரம் நாடாளுமன்றம்வரை போனது. நடுவர் ஒருவர் முன்பு சானெலோடு வேலைசெய்தவர் என்ற புகாரும் வந்தது. இணையத்தில் சானெலைக் குதறிய விதம் அசிங்கம். ஹவானாவில் பிறந்து, கட்டலோனியாவில் வளர்ந்த பெண் அவர். டுரினில் 459 புள்ளிகளோடு மூன்றாமிடம் வந்ததும், திட்டிய வாய்களே கொண்டாடின. 1995க்குப் பிறகு ஸ்பெயினுக்குக் கிடைத்த சிறந்த இடம் அது. நடுவர்கள் சரியாகத்தானே கணித்தார்கள் என்று கேட்டார்கள்.

இதையும் 1968ஐயும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். அன்று நடந்தது தடை, இன்று நடந்தது கணக்கு. தான்ஷுகெய்ராஸ் மேடையேறினார்கள், ஓட்டு விவரம் வெளியானது, யாரும் நாட்டைவிட்டு ஓடவில்லை. ஆனால் 'ஐரோப்பாவில் எது எடுபடும்' என்று நிலையம் கேட்கிற ஒவ்வொரு முறையும் சின்ன மொழி பின்வரிசைக்குப் போகிறது. அதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவைப்படுவதில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

கட்டலான் பாட்டு கடைசியில் யூரோவிஷன் மேடையேறியது 2004இல், இஸ்தான்புல்லில். அனுப்பியது டிவிஇ அல்ல. பைரனீஸ் மலையிடுக்கில் இருக்கும், கட்டலானை ஒரே ஆட்சிமொழியாகக் கொண்ட அண்டோராவின் குட்டி நிலையம். ஆறு ஆண்டுகள் தொடர்ந்து அனுப்பினார்கள், ஒருமுறைகூட இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. 2008இல் அவர்களுக்காகப் பாடிய கிசெலா பார்சலோனாக்காரர். 2002இல் ஸ்பெயின் பாட்டுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர். ஊர் மொழியில் நாலு வரி பாட அவர் எல்லை தாண்டிப் போக வேண்டியிருந்தது.