கிரெடிட் மாற்றமும் முன்கற்றல் மதிப்பீடும்

ஒரு கல்லூரியில் படித்துத் தேறிய பாடங்களை இன்னொரு கல்லூரி தன் பட்டத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்வது கிரெடிட் மாற்றம். வேலையிலோ ராணுவத்திலோ சொந்த முயற்சியிலோ ஒருவர் கற்றதைச் சோதித்துப் பார்த்து, அது கல்லூரிப் பாடத்துக்கு ஈடாக இருந்தால் கிரெடிட் தருவது முன்கற்றல் மதிப்பீடு. இரண்டும் மிக விரிவாக வளர்ந்த நாடு அமெரிக்கா. பணமில்லாமல் பாதியில் நின்றவர்கள், பிள்ளைகளை வளர்த்துவிட்டுத் திரும்பி வரும் தாய்மார்கள், ராணுவத்திலிருந்து விடுபட்டவர்கள் போன்றோருக்குப் பட்டம் எட்டுமா எட்டாதா என்பதைப் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான் முடிவுசெய்கிறது.

கிரெடிட் என்னும் அளவு

அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 செமஸ்டர் கிரெடிட் தேவை; இரண்டாண்டு அசோசியேட் பட்டத்துக்கு 60. வாரம் ஒரு மணி நேர வகுப்பும் அதற்கு வெளியே இரண்டு மணி நேரப் படிப்பும் சுமார் 15 வாரம் நடந்தால் ஒரு கிரெடிட் என்பது மத்திய அரசின் வரையறை.

இந்தக் கணக்கின் பிறப்பிடம் ஓய்வூதியத் திட்டம் ஒன்று. கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் தருவதற்காக ஆண்ட்ரூ கார்னகி 1905இல் ஒரு கோடி டாலர் கொடுத்து அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்தினார். மாணவர்களின் பள்ளிப் படிப்பை மணிக்கணக்கில் அலகுகளாக அளந்து சேர்க்கும் கல்லூரிகளுக்கே அதில் இடம் என்று அறக்கட்டளை நிபந்தனை வைத்தது. பள்ளிக்கு வந்த அந்தப் பழக்கம் கல்லூரிக்கும் பரவியது. உட்கார்ந்த நேரத்தை அளக்க வந்த அலகு, கற்றதை அளக்கும் அலகாகக் கருதப்பட்டுவிட்டது. வகுப்பில் உட்காராமல் கற்றவரை எப்படி அளப்பது என்ற கேள்வி அன்றே தொடங்கியது.

ராணுவம் திறந்த வழி

அந்தக் கேள்விக்குப் பெரிய அளவில் விடை தேட வேண்டியிருந்தது இரண்டாம் உலகப் போரின்போது. போர் முடிந்து திரும்பியவர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரிச் செலவைக் கொடுத்தது. ராடார், மருத்துவம், மின்னியல் என்று ராணுவத்திலேயே கடும் பயிற்சி பெற்றவர்களை முதலாண்டு மாணவர்களாக உட்காரவைப்பது வீண் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அமெரிக்கக் கல்வி மன்றம் ஒவ்வொரு ராணுவப் பயிற்சியையும் ஆராய்ந்து, இதற்கு இந்தத் துறையில் இத்தனை கிரெடிட் தரலாம் என்று வழிகாட்டி நூல் வெளியிட்டது. இன்றும் அந்த வேலையைச் செய்கிறது; பிற்காலத்தில் தொழில் நிறுவனங்கள் நடத்தும் பயிற்சிகளையும் சேர்த்துக்கொண்டது. அது தருவது பரிந்துரை மட்டுமே. ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் விருப்பம்.

கல்லூரி வாரியம் 1967இல் கொண்டுவந்த கிளெப் தேர்வுகள் இன்னொரு வழி. 20 முதல் 80 வரையுள்ள அளவுகோலில் 50 எடுத்தால் கிரெடிட் தரலாம் என்பது மன்றத்தின் பரிந்துரை. சொந்தமாகப் படித்துத் தேர்வெழுதத் துணிந்தவருக்கு இதைவிடச் செலவு குறைந்த வழி அரிது.

1970களில் இதற்கென்றே நிறுவனங்கள் எழுந்தன. நியூயார்க் மாநிலத்தின் வெளிநிலைப் பட்டத் திட்டம் (இன்றைய எக்செல்சியர் பல்கலைக்கழகம்), நியூ ஜெர்சியில் 1972இல் தொடங்கிய தாமஸ் எடிசன், கனெக்டிகட்டில் 1973இல் தொடங்கிய சார்ட்டர் ஓக் ஆகிய மூன்றும் பெயர் பெற்றவை. பல இடங்களில் சிதறிக் கிடக்கும் கிரெடிட்களை ஒன்றுசேர்த்து முழுப் பட்டமாக்குவதே இவற்றின் முதல் நோக்கம். 1974இல் மோரிஸ் கீட்டன் தலைமையில் கேல் என்ற அமைப்பு உருவாகி, அனுபவத்தை மதிப்பிடுவதற்கான நெறிகளை வகுத்தது. கிரெடிட் கற்றலுக்கே உரியது, அனுபவத்துக்கு அல்ல என்பது அவற்றில் தலையாயது.

ஆதாரத் தொகுப்பு

இந்த நெறி நடைமுறையில் எப்படி இறங்குகிறது என்பதைப் போர்ட்ஃபோலியோ எனப்படும் ஆதாரத் தொகுப்பில் பார்க்கலாம். துணிக்கடை ஒன்றில் பத்தாண்டு கணக்கெழுதிய ஒருவர், நிதிக் கணக்கியல் பாடத்தின் 3 கிரெடிட்டைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு கணக்கெழுதினேன் என்று சொன்னால் ஒன்றும் கிடைக்காது. அந்தப் பாடத்தின் கற்றல் இலக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, தனக்கு அது எப்படித் தெரியும் என்று எழுத வேண்டும். ஆண்டு முடிவில் கொடுக்காமல் நிற்கும் சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதினார், ஏன்? தையல் இயந்திரத்தின் தேய்மானத்தை முதல் ஆண்டுகளில் அதிகமாகப் போட்டால் லாபக் கணக்கு எப்படி மாறும்? கூடவே பெயர்களை மறைத்த ஐந்தொகை, முதலாளியின் கடிதம், பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றை இணைக்க வேண்டும்.

படித்துப் பார்ப்பவர் அந்தத் துறை ஆசிரியர். விண்ணப்பிப்பவர் இடறும் இடமும் தெரிந்ததே: பணம் வந்ததையும் போனதையும் மட்டுமே எழுதிப் பழகியவருக்கு, வரவேண்டியதையும் தரவேண்டியதையும் கணக்கில் கொள்ளும் முறை தெரிந்திருக்காது. பாடத்தின் பாதி அதுதான். பெரும்பாலும் கிரெடிட் முழுதாகக் கிடைக்கும் அல்லது கிடைக்கவே கிடைக்காது. பலர் இந்தத் தொகுப்பை எழுதும்போதுதான் தாம் செய்துவந்த வேலையின் காரணங்களை முதன்முறையாகச் சொற்களில் வைக்கிறார்கள். கிரெடிட்டை விட்டுவிட்டாலும் அது பெரிய பயன்.

கணக்கில் சேர்வதும் பட்டத்துக்குப் பயன்படுவதும்

கல்லூரி மாறிவரும் மாணவர்களை அதிகம் ஏமாற்றும் இடம் இது. புதிய பல்கலைக்கழகம் '60 கிரெடிட் ஏற்கப்பட்டது' என்று கடிதம் அனுப்பும். மாணவர் பாதிப் பட்டம் முடிந்தது என்று மகிழ்வார். ஆனால் அந்த அறுபதில் 25 கிரெடிட் விருப்பப்பாடமாக மட்டும் ஏற்கப்பட்டிருக்கும். முதன்மைத் துறை கேட்கும் பாடங்களை மறுபடி படிக்க வேண்டும். எண்ணிக்கை கூடும், பட்டம் நெருங்காது.

சின்னச் சின்னக் கணக்கும் கழுத்தை நெரிக்கும். ஆண்டை மூன்று வகுப்புப் பருவங்களாகப் பிரித்து நடத்தும் குவார்ட்டர் முறைக் கல்லூரிகளின் ஒரு கிரெடிட், செமஸ்டர் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே 4 கிரெடிட் எடுத்த புள்ளியியல் இங்கே 2.67 ஆகிவிடும். தேவை 3 என்றால், 0.33 குறைகிறது என்று சில கல்லூரிகள் இன்னொரு பாடம் எடுக்கச் சொல்லும். சமுதாயக் கல்லூரியில் படித்த பாடம் எவ்வளவு கனமானதாக இருந்தாலும், கடைசி இரண்டாண்டுக்கான மேல்நிலைப் பாடமாகப் பெரும்பாலும் எண்ணப்படாது. சி கிரேடுக்குக் குறைந்தவை பொதுவாக மாறாது. மாறியவற்றின் கிரேடு புதிய இடத்தின் சராசரியில் பெரும்பாலும் சேராது.

அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்தார்கள். இழந்த ஒவ்வொரு பாடமும் கட்டணம் கட்டி, இரவு விழித்துப் படித்த பாடம். அதை மாணவரின் கவனக்குறைவு என்று சொல்லித் தள்ளுவது நியாயமில்லை.

இந்த இழப்பைத் தடுக்கச் சில மாநிலங்கள் சட்டம் இயற்றின. ஃபுளோரிடாவின் பொதுக் கல்லூரிகள் எல்லாம் ஒரே பாட எண் முறையைப் பின்பற்றுகின்றன. கலிபோர்னியாவின் 2010 சட்டம், சமுதாயக் கல்லூரியில் குறிப்பிட்ட அசோசியேட் பட்டம் முடித்தவரை மாநிலப் பல்கலைக்கழகம் ஏற்று, மீதி 60 கிரெடிட்டுக்குள் பட்டம் முடிக்க வழிசெய்யச் சொல்கிறது. ஆனால் எத்தனை கிரெடிட் கொண்டுவந்தாலும் பட்டத்தின் ஒரு பங்கைப் பட்டம் தரும் கல்லூரியிலேயே படித்தாக வேண்டும் என்பது பொது விதி. அமெரிக்கத் தென்மாநிலங்களின் அங்கீகார அமைப்பு இதைக் குறைந்தது 25 சதவீதம் என்று வைத்திருக்கிறது.

அங்கீகாரம் எவருடையது என்பதும் முக்கியம். 2016இல் ஐ.டி.டி. தொழில்நுட்பக் கல்லூரிகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது, பல்லாயிரம் மாணவர்கள் கையில் கிரெடிட்டோடு நின்றார்கள். அந்தக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்திருந்த அமைப்பைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மதிக்காததால், அந்தக் கிரெடிட்டை ஏற்கவில்லை.

போலிப் பட்டங்கள்

அனுபவத்துக்கு நேராகப் பட்டம் தருவதாகச் சொல்லும் மோசடிகள் இந்த ஏற்பாட்டின் நிழலில் வளர்ந்தவை. பாகிஸ்தானின் ஆக்ஸாக்ட் நிறுவனம் கற்பனைப் பல்கலைக்கழகங்களின் பெயரில் உலகெங்கும் பட்டம் விற்றதை 2015இல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. அடையாளம் காண ஒரு வழி உண்டு. கேல் நெறிகளின்படி, மதிப்பிடும் வேலைக்கே கட்டணம் வாங்கலாம். தரும் கிரெடிட்டின் அளவுக்கு ஏற்ப வாங்கக் கூடாது. முழுப் பட்டத்துக்கும் விலை சொல்பவரிடம் மதிப்பீடு என்று ஒன்று இருக்காது.

இந்தியாவில்

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரி, தமிழ்நாட்டில் நன்கு வேரூன்றிய கிரெடிட் மாற்றம். பாடம் பாடமாக ஒப்பிடாமல் ஓராண்டை மொத்தமாகக் கழித்துவிடுவதால் இழப்பு இல்லை. ஆனால் முதலாண்டுக் கணிதத்தைத் தாண்டி வருபவர்கள் மூன்றாம் செமஸ்டர் கணிதத்தில் திணறுவது கல்லூரிகள் எல்லாம் அறிந்தது.

பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கல்விசார் கிரெடிட் வங்கியை ஏற்படுத்தியது. மாணவரின் கிரெடிட் அவர் கணக்கில் சேமிக்கப்படும். ஏழாண்டு வரை செல்லும். பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட் எடுத்திருக்க வேண்டும். 2023இல் வந்த தேசிய கிரெடிட் வரையமைப்பு, ஆண்டுக்கு 1200 கற்றல் மணிநேரத்தை 40 கிரெடிட்டாகக் கொண்டு, வேலை அனுபவத்துக்கும் எடை தர வழிவிடுகிறது. சேமித்து வைத்த கிரெடிட்டை எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்பது என்ற முடிவு இங்கும் பல்கலைக்கழகத்தின் கையில்தான் இருக்கிறது. எனவே கல்லூரி மாற நினைப்பவர், சேருவதற்கு முன்பே பாட வாரியான ஏற்பை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்; படித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் மதிப்பெண் பட்டியலோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும்.