இரண்டே ஆண்டு செல்லும் சான்றிதழ்

மருத்துவப் பட்டம் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் அது பட்டம்தான். ஆனால், நின்றுபோன இதயத்தை மீட்கும் ஏ.சி.எல்.எஸ். பயிற்சிக்கு அமெரிக்க இதயச் சங்கம் தரும் சான்றிதழ் இரண்டே ஆண்டுகள்தான் செல்லும். ஏன்?

1960-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கலாம் என்று அறிவித்தார்கள். இவர்களில் கௌவன்ஹோவன் ஒரு மின் பொறியாளர்! 1974-ல் வெளியான நெறிமுறைகளில் இ.சி.ஜி., மருந்து, மின் அதிர்ச்சி எல்லாம் சேர்ந்த உயர்நிலைச் சிகிச்சையும் இடம்பெற்றது.

அதன்பின் பாடமே மாறிக்கொண்டு வந்தது. 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற கணக்கு 2005-ல் 30-க்கு 2 ஆனது. அடுத்தடுத்து மூன்று மின் அதிர்ச்சி கொடுப்பது போய், ஒன்று கொடுத்தவுடன் மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும் என்றானது. துடிப்பு அடியோடு நின்ற இதயத்துக்கு வழக்கமாகப் போட்டுவந்த அட்ரோபின் ஊசி 2010-ல் நீக்கப்பட்டது.

பழகாத கை சில மாதங்களிலேயே மறந்துவிடும் என்பது ஒரு காரணம். பழைய பாடத்தை மறக்காமல் வைத்திருப்பவரும் இன்று தவறு செய்வார் என்பது இன்னொரு காரணம். சான்றிதழில் அச்சிட்ட காலாவதித் தேதி, நோயாளிக்கான பாதுகாப்பு.