நெருப்பு தின்ற கோயிலும் ஒளி எழுதிய கணக்கும்

கட்டடம் எழுப்புவோர்க்குப் பகை இரண்டு. ஒன்று காலம், மற்றொன்று பிழையான அளவு. காலத்தின் தாக்குதலை எவராலும் முற்றும் தடுத்துவிட முடியாது. பிழையான அளவால் நேரும் இழப்போ மனிதன் தானே தேடிக்கொள்வது.

பழைய கட்டடம் ஒன்றைப் பழுதுபார்க்கப் புகுவோரும், ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் புதிய குழாய்களைப் பொருத்தப் புகுவோரும் முதலில் விரித்துப் பார்ப்பது அதன் பழைய வரைபடத்தையே. ஆனால் வரைபடம் சொல்வது ஒன்று. சுவர் நிற்பது வேறொன்று. கட்டும்போது செய்த சிறு மாறுதல்கள் தாளில் ஏறியிருக்கா. ஆண்டுகள் பல கடந்தபின் தூண் சற்றே சாய்ந்திருக்கும். தளம் சற்றே தாழ்ந்திருக்கும். பட்டறையில் சரியாகச் செய்து கொண்டுவந்த இரும்பு உத்தரம், உரிய இடத்தில் வைத்துப் பார்க்கையில் நான்கு விரற்கடை நீண்டுவிட்டது என்றால் என்ன ஆகும்? வெட்ட வேண்டும், மீண்டும் செய்ய வேண்டும், அதுவரை ஆட்களும் எந்திரங்களும் சும்மா நிற்க வேண்டும். விரற்கடைப் பிழை பெரும் பணத்தை விழுங்கிவிடும்.

அளவைக் கலையின் அருமையைத் தமிழகமும் நேரில் கண்டதுண்டு. 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்தில் ஓர் அடிக்கோட்டை அளந்து, இந்தியாவின் பெரும் முக்கோண அளவைக்கு அடிகோலினார். அவர் பயன்படுத்திய தியோடலைட் என்னும் கோணமளக்கும் கருவி அரை டன் எடையுடையது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தின் மீது அதனை ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அளவு எடுப்பதென்பது அந்நாளில் அத்துணைப் பாடு.

அப்பாட்டைக் குறைத்தது ஒளி. 1960ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் என்னும் இயற்பியலறிஞர், மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசர் ஒளியை உண்டாக்கினார். சிதறாது நேர்கோட்டிற் செல்லும் அவ்வொளியை அளவுகோலாக்கலாம் என்பதை அறிஞர்கள் விரைவில் உணர்ந்தனர். 1971இல் அப்பல்லோ 15 விண்கலம் சந்திரனின் மேடு பள்ளங்களை லேசரால் அளந்தது.

இதன் தத்துவம் எளிது. ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். கருவியிலிருந்து புறப்படும் ஒளி, 15 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்டுத் திரும்ப ஒரு விநாடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்நேரத்தை அளந்தால் தொலைவு தெரிந்துவிடும். சுழலும் கண்ணாடி ஒன்று அவ்வொளியை மேலும் கீழும், கருவி முழுதும் சுற்றுமுற்றும் திருப்ப, ஒவ்வொரு திசையிலும் ஒரு புள்ளி பதிவாகும். அப்புள்ளிகள் கோடிக்கணக்கிற் குவியும்போது கட்டடத்தின் உருவமே கணிப்பொறியில் எழுந்து நிற்கும். புதிதாக வைக்கவிருக்கும் குழாயையும் உத்தரத்தையும் அவ்வுருவத்தினுள்ளே முன்னதாகவே வைத்துப் பார்த்து, எங்கே இடிக்கும் என்பதைக் கண்டுகொள்ளலாம்.

இதனைக் கட்டடத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் பென் கசீரா. இராக்கின் மோசுல் நகரில் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பொறியாளர் இவர். 1990களில் இவர் நிறுவிய சைரா என்னும் நிறுவனம், கள வேலைக்கு எடுத்துச் செல்லத்தக்க லேசர் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2001இல் ஆப்கானிஸ்தானத்துப் பாமியான் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்டது கண்டு உள்ளம் நொந்த அவர், உலகின் பழஞ்சின்னங்களை ஒளியால் அளந்து வைக்க 2003இல் ஓர் அறநிறுவனத்தைத் தோற்றுவித்தார். உகாண்டாவிலுள்ள கசூபி அரச கல்லறைகள் அவ்வாறு 2009இல் அளக்கப்பட்டன. மறு ஆண்டு மார்ச் மாதமே அவை தீக்கிரையாயின.

இவற்றினும் பெரிய சோதனை பாரிஸ் மாநகரில் நேர்ந்தது. அங்குள்ள நோத்ர தாம் தேவாலயம் 1163இல் தொடங்கி, 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கட்டப்பட்டது. 96 மீட்டர் உயர்ந்து நின்ற அதன் ஊசிக் கோபுரம் 19ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-டுக் என்னும் சிற்பியால் அமைக்கப்பட்டதாகும். 2010இல் ஆண்ட்ரூ டாலன் என்னும் அமெரிக்கக் கலை வரலாற்றுப் பேராசிரியர் அக்கோயிலின் உள்ளும் புறமும் ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் லேசர் கருவியை நிறுத்தி, 100 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைப் பதிவு செய்தார். அவர் நோக்கம் பழுதுபார்ப்பதன்று. பழங்காலக் கொத்தர்கள் எவ்வாறு கட்டினர் என்று அறிவதே. உட்புறத் தூண்கள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பதையும், சுவரை வெளியிலிருந்து தாங்கும் வளைவுகள் நூற்றாண்டுகள் கடந்தும் நிலைபெயரவில்லை என்பதையும் அவர் கண்டார். 2018 நவம்பரில் டாலன் காலமானார்.

ஐந்தே மாதங்களில், 2019 ஏப்ரல் 15 மாலை, கோயில் தீப்பற்றியது. ஓக் மரத்தாலான பழைய கூரைச் சட்டம் முழுதும் சாம்பலாயிற்று. ஊசிக் கோபுரம் முறிந்து, கீழிருந்த கல் வளைவைத் துளைத்துக்கொண்டு வீழ்ந்தது. பழுதுபார்க்க எழுப்பியிருந்த இரும்புச் சாரமோ உருகிப் பிணைந்து, எஞ்சிய சுவர்களுக்கே ஆபத்தாக நின்றது. அதனை அகற்றி முடிக்க 2020 நவம்பர் ஆயிற்று.

ஐந்தாண்டுகளில் மீண்டும் கட்டுவோம் என்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் உறுதி கூறினார். உலகெங்கிருந்தும் 84 கோடி யூரோவுக்கு மேல் நன்கொடை குவிந்தது. ஆயினும் பணத்தால் மட்டும் பழைய வடிவம் திரும்பிவிடுமா? டாலன் விட்டுச் சென்ற பதிவும், பிறர் எடுத்திருந்த ஒளி அளவுகளும் அப்போது கைகொடுத்தன. தீயினால் காயமுற்ற கட்டடத்தையும் மறுபடி அளந்தனர். முன்னைய அளவோடு பின்னைய அளவை ஒப்பிட்டால், எந்தக் கல் எவ்வளவு நகர்ந்தது என்பது விளங்குமன்றோ? வெளிப்புற வளைவுகள் சரிந்துவிடாமல் தாங்க, ஒவ்வொன்றின் வடிவுக்கும் ஏற்ப மரத் தாங்கிகள் செய்து பொருத்தப்பட்டன.

எனினும் ஒளி ஒன்றே எல்லாம் செய்துவிட்டது என்று எண்ணுதல் பிழை. ஒளி கண்டது மேற்பரப்பை மட்டுமே. மரத்துக்குள் மரம் நுழைந்த பொருத்துவாயின் இயல்பை அது அறியாது. அதனை உரைத்தது, ரெமி ஃப்ரொமோன், செட்ரிக் த்ரான்டெஸோ என்னும் கட்டடக் கலைஞர் இருவர் கூரைச் சட்டத்தினுள்ளே ஏறி இறங்கிக் கையால் அளந்து, 2014இல் முடித்து வைத்திருந்த வரைபடங்களாகும். ஏறத்தாழ 2,000 ஓக் மரங்கள் வெட்டப்பட்டன. கூரைச் சட்டத்துக்குரிய மரங்களைத் தச்சர்கள் பழைய முறைப்படி கோடரியாற் செதுக்கினர். 2024 டிசம்பரில் கோயில் கதவுகள் மீண்டும் திறந்தன.

நோத்ர தாமை அளந்தவர் எவரும் அது எரியும் என்று எதிர்பார்த்தாரல்லர். அறிவை வளர்க்கவே அளந்தனர்; அவ்வளவு ஆபத்தில் உதவியது. வீடோ, ஆலையோ, வழிபாட்டிடமோ எதுவாயினும், கைவைக்குமுன் உள்ளபடி அளந்து வைப்பதற்கு ஆகும் செலவு சிறிது. அளவாமல் தொடங்கியவர், இடித்துத் திருத்தும்போது கொடுக்கும் விலை பெரிது. அளந்து வைக்காமலே அழிந்துபோனதை மீட்கவோ எந்த விலையும் போதாது.