எழுத்தை நம்பி வாழ்தல்: திருகோணமலையிலிருந்து சில குறிப்புகள்

திருகோணமலையில் ஊடகத் தொழிலைப் பற்றிப் பேசும் எவராலும் சுப்பிரமணியம் சுகிர்தராஜனைக் கடந்து போக முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் உடல்களை அவர் படம் எடுத்தார். அவர்கள் சுடப்பட்டே இறந்தார்கள் என்பதை அந்தப் படங்கள் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி காலை, ஆளுநர் செயலகத்துக்கு அருகில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ‘சுடர் ஒளி’யின் பகுதிநேரச் செய்தியாளர். உயிரை விலையாகக் கேட்ட அந்த வேலை அவருக்கு முழுநேரத் தொழிலாக இருக்கவில்லை என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

யாழ்ப்பாணத்தில் 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி கொல்லப்பட்ட மயில்வாகனம் நிமலராஜன் பிபிசி, வீரகேசரி, ராவய எனப் பல ஊடகங்களுக்குச் செய்தி வழங்கியவர். இரு கொலைகளுக்கும் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

ஊடகக் கற்கையில் பட்டம் பெற்ற எனக்குச் செய்தி எழுதக் கற்பித்தார்கள். எழுதியதற்கு எப்படிக் காசு கேட்பது என்பதைக் கற்பிக்கவில்லை. இப்போது எழுத வரும் தம்பி தங்கைகளுக்காக, நான் தொழிலில் அறிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு துறையைத் தெரிவுசெய்யுங்கள். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை எடுத்துக்கொள்வோம். 99 தாங்கிகள். அவற்றில் 61ஐ இலங்கை, இந்திய நிறுவனங்கள் கூட்டாக அபிவிருத்தி செய்ய 2022 ஜனவரியில் உடன்படிக்கை செய்யப்பட்டது. கொழும்பிலிருந்து எழுதுபவருக்கு இது ஒப்பந்தச் செய்தி. துறைமுகத்தருகே வாழும் உங்களுக்கு அது காணியும் வேலைவாய்ப்பும் மீன்பிடியும் சேர்ந்த கதை. ஆசிரியர்கள் காசு கொடுப்பது அந்த நெருக்கத்துக்குத்தான்.

ஆசிரியருக்கு அனுப்பும் மின்னஞ்சல் பத்து வரிகளைத் தாண்ட வேண்டாம். கதை என்ன, ஏன் இப்போது, யாருடன் பேசுவீர்கள், எத்தனை சொற்கள், எப்போது தருவீர்கள் என்பன போதும். ஏற்றுக்கொண்டால், எழுதத் தொடங்கும் முன்பே கொடுப்பனவையும் அது கிடைக்கும் திகதியையும் எழுத்தில் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

தமிழ்ச் செய்தி ஊடகங்களின் கொடுப்பனவை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். கொழும்பின் ஆங்கில, சிங்கள ஊடகங்கள், புலம்பெயர் இணையத்தளங்கள், மொழிபெயர்ப்பு, தொண்டு நிறுவன அறிக்கைகள், நிலாவெளி, உப்புவெளி விடுதிகளின் இணையப் பக்கங்கள் என வாடிக்கையாளர்களைப் பரப்பி வையுங்கள். ஒருவரை மட்டும் நம்பியிருந்தால், அவர் மறுக்கும் நாளில் உங்கள் குரலும் நின்றுவிடும்.

ஆனால் ஒரு கோட்டை அழிக்கக் கூடாது. காசு வாங்கி அறிக்கை எழுதிக்கொடுத்த நிறுவனத்தைப் பற்றிச் செய்தி எழுதாதீர்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால் அந்தத் தொடர்பை ஆசிரியருக்கும் வாசகருக்கும் சொல்லுங்கள்.

மாதத்துக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட சேவைக் கொடுப்பனவுகளில் 5 வீதம் வரி பிடிக்கும் முறை 2023இல் வந்தது. பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இலக்கமிட்ட பட்டியல் அனுப்புங்கள்.

ஊடக அடையாள அட்டை இல்லாமலும் பயன்படுத்தக்கூடிய கருவி ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அரச அலுவலகத்திடம் தகவல் கோரலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். காணி, மீள்குடியேற்றம், துறைமுக ஒப்பந்தங்கள் பற்றிய நல்ல கட்டுரைகளை இப்படியும் தொடங்கலாம்.

கடைசியாக, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைப் பற்றி ஒரு தாய் உங்களிடம் பேசினால், கட்டுரை எங்கே வரும், பெயர் வருமா, படம் வருமா என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அடுத்த நாள் அவர் மனம் மாறினால் பெயரை எடுத்துவிடுங்கள். கொடுப்பனவு நமக்குக் கிடைக்கிறது. வீட்டு வாசலில் வந்து விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.