பொன்முகலி சேரும் கடல்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழராகிய நமக்குக் கடல் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். ஆயின், சந்திரகிரி மலைப்பகுதியில் பிறந்து திருக்காளத்திக் கோயிலருகே செல்லும் பொன்முகலி, அதாவது சுவர்ணமுகி, இறுதியில் வங்கக் கடலையே சேர்கிறது. சித்தூர்ப் பக்கத்து மலைகளில் தோன்றும் ஆரணியாறோ தமிழ்நாட்டினுள் புகுந்து பழவேற்காட்டை அடைகிறது. நாம் ஆற்றில் விடும் கழிவு எந்த நாட்டுக் கரையைத் தொடும் என்று எவர் சொல்லவல்லார்?

இதனை ஆராயும் முயற்சிகள் அண்மைக் காலத்தவையே. 1982இல் தெற்காசிய நாடுகள் கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்டு சுற்றுச்சூழல் கூட்டுறவு அமைப்பொன்றை நிறுவின. 1991 முதல் இந்தியா தன் கரையோரக் கடல்நீரில் பிராணவாயு, உலோகங்கள், நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் அளவை முறையாகக் கணித்து வருகிறது. 1995இல் இந்தியா, இலங்கை, வங்காளதேசம், பாக்கிஸ்தான், மாலத்தீவு ஆகிய ஐந்து நாடுகளும் புது தில்லியில் கூடித் தெற்காசியக் கடல்களுக்கான செயல்திட்டத்தை ஏற்றன. எனினும், அது நாடுகளைச் சட்டத்தால் பிணைக்கும் உடன்படிக்கையன்று.

2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றி மூழ்கியபோது, அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் இலங்கையின் மேற்குக் கரையில் குவிந்தன. கடல்நீருக்கு எல்லைக்கோடு இல்லை. ஒரு நாடு அளந்தறிந்ததை அண்டை நாடும் உடனே அறிந்தாலன்றிக் கடற்காவல் முழுமையாகாது. அக்காவலில் நம் பங்கு பொன்முகலிக் கரையிலேயே தொடங்குகிறது.