திருமுழுக்குக் கொடுப்பவர் யார்?

கி.பி. 303இல் உரோமைப் பேரரசன் தியோக்ளேசியன் திருநூல்களைப் பறித்து எரிக்கக் கட்டளையிட்டான். வட ஆப்பிரிக்காவில் சில ஆயர்களும் குருக்களும் உயிருக்கு அஞ்சி அவற்றைக் கையளித்தார்கள். அஞ்சாதவர்கள் சிறை புகுந்தார்கள், மாண்டார்கள். வேதகலாபனை ஓய்ந்தபின் ஒரு கேள்வி எழுந்தது: மறுதலித்தவர் நிறைவேற்றும் அருட்சாதனம் செல்லுமா?

செசிலியான் கார்த்தேஜின் ஆயரானபோது அந்தக் கேள்வி பிளவாக வெடித்தது. அவரைத் திருநிலைப்படுத்திய ஆயர் பெலிக்ஸ் திருநூலைக் கையளித்தவர் என்று எதிர்த்தரப்பினர் கூறினார்கள். அது பொய்க்குற்றச்சாட்டு என்று விசாரணையில் தெளிவாயிற்று. 314இல் ஆர்ல் சங்கமும் செசிலியான் பக்கமே நின்றது. ஆனாலும் தொனாத்துஸ் என்பவரின் தலைமையில் பிரிந்தவர்கள் இணங்கவில்லை. தங்களிடம் வந்த கத்தோலிக்கருக்கு மறுபடியும் திருமுழுக்குக் கொடுத்தார்கள். தன்னிடம் அருள் இல்லாதவன் பிறருக்கு அதை எப்படித் தருவான் என்பது அவர்கள் வாதம். அவர்களை வெறும் பிடிவாதக்காரர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இரத்தம் சிந்தியவர்களின் நினைவைப் போற்றியவர்கள் அவர்கள்.

அவர்களுக்கு ஹிப்போ ஆயர் அகுஸ்தீனார் தந்த மறுமொழிதான் இன்றளவும் திருச்சபையைத் தாங்குகிறது. குரு ஊழியர் மட்டுமே. திருமுழுக்குக் கொடுப்பவர் கிறிஸ்து. கல்வாய்க்காலில் ஓடும் நீரை அவர் உவமை காட்டினார். கல்லில் ஒன்றும் முளைப்பதில்லை, தோட்டமோ விளைகிறது. பாவநிலையில் பீடமேறும் குருவுக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை வேண்டியதில்லை. தம் கை வழியே பிறருக்குப் பாயும் அருள் தம்மை நனைக்காமலே போகலாம். இவ்வளவு தெளிவாகக் கண்டவர், பின்னாளில் தொனாத்துசாரை அடக்க அரசின் வன்கரத்தை ஆதரித்தது வேதனைக்குரியது.

1547இல் திரெந்து பொதுச்சங்கம் இந்தப் போதனைக்கு விதியின் வடிவம் தந்தது. சாவான பாவத்தில் இருக்கும் குருவும், இன்றியமையாதவற்றைக் கடைப்பிடித்தால், அருட்சாதனத்தை மெய்யாகவே நிறைவேற்றுகிறார். இதை மந்திரவித்தை என்று குறைகூறுவோர் மறுபாதியைப் படிப்பதில்லை. பெறுபவர் தடைபோட்டால் அருள் பலன் தராது. பாவத்தை விட மனமில்லாமல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடுபவர், மன்னிப்பின் சொற்களைக் கேட்டும் மன்னிப்பின்றியே எழுகிறார். அருள் மனிதனின் இசைவைக் கேட்கிறது. அந்த இசைவைத் தூண்டுவதும் அருளே.

எளியவர்களுக்கு இந்தப் போதனை எத்தனை பெரிய அடைக்கலம்! அருள் குருவின் புனிதத்தைப் பொறுத்தது என்றால், எந்தத் தாய்தான் தன் பிள்ளையின் திருமுழுக்கை நம்பி நிம்மதியாக இருக்க முடியும்? குருக்களின் உள்ளத்தைத் துருவி அறிய நம்மில் யாரால் ஆகும்?

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இன்னும் தொலைவு செல்கிறது. சாகும் தறுவாயில் இருப்பவருக்கு, பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரம் இல்லாத குருவும் பாவமன்னிப்பு அளிக்கலாம். பிறந்த குழந்தை உயிருக்குப் போராடும்போது, திருமுழுக்கே பெறாத ஒரு செவிலிகூட, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு தலையில் நீர் ஊற்றி, தந்தை மகன் தூய ஆவியின் பெயரைச் சொல்லித் திருமுழுக்குக் கொடுக்கலாம். குழந்தை பிழைத்துக் கோவிலுக்கு வந்தால் குரு மறுபடியும் நீர் ஊற்றுவதில்லை. விடுபட்ட சடங்குகளை மட்டும் நிறைவு செய்து, பெயரைத் திருமுழுக்குப் பதிவேட்டில் எழுதுகிறார்.