தொண்டைமானாற்றுத் தடுப்பணையும் பொருளாதார மாற்றமும்

வளர்முக நாடொன்றில் அணை, வாய்க்கால், மின்விசை ஆகியவற்றில் இடப்படும் முதலீடு மக்கள் வாழ்வை மாற்றியமைக்க வல்லதா என்னும் வினா பொருளியலாளரிடையே நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவதாகும். பல துறைகளில் ஒருங்கே பெருமுதலீடு செய்தல் வேண்டும் என ரோசன்ஸ்டைன்-ரோடன் 1943இல் எடுத்துரைத்தார். ஒரு முதலீடு மற்றொன்றைத் தூண்டும் தொடர்பே முதன்மையானது என ஹிர்ஷ்மன் 1958இல் வாதிட்டார். இக்கருத்துகளை உரைத்துப் பார்ப்பதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள தொண்டைமானாறு தக்கதோர் உரைகல்லாகும்.

தொண்டைமானாறு பெயரளவிலேயே ஆறு. வடமராட்சிக் கடனீரேரியைக் கடலோடு இணைக்கும் நீர்வழியே அது. சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பை ஏற்றிச் செல்லும் பொருட்டு இதனை வெட்டுவித்தான் என்பது மரபு. உப்பின் பொருட்டுத் திறக்கப்பட்டதாகக் கூறப்படும் அதே வாயிலை, உப்பைத் தடுக்கும் பொருட்டு அடைக்க இருபதாம் நூற்றாண்டு முற்பட்டது.

அதன் காரணம் தெளிவானது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. பருவமழை சுண்ணக்கல்லினூடு கசிந்து, உவர்நீரின்மீது மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. கிணற்று நீரும் தோட்டப் பயிரும் அப்படையையே நம்பியுள்ளன. எஞ்சிய மழைநீரோ கடனீரேரிகள் வழியே கடலைச் சேர்கின்றது. அதனைத் தேக்கி, ஏரியின் உவர்த்தன்மையை ஆண்டுதோறும் கழுவியகற்றும் நோக்குடன் 1950களின் முற்பகுதியில் தொண்டைமானாற்றிலும், அதனையடுத்து அரியாலையில் உப்பாற்றிலும் தடுப்பணைகள் அமைந்தன. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் இவற்றை ஒரு பெருந்திட்டத்தின் உறுப்புகளாக்கினார். வன்னியிலிருந்து வரும் கனகராயன் ஆற்றின் வெள்ளத்தை ஆனையிறவில் தேக்கி, முள்ளியான் கால்வாய் வழியே வடமராட்சிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டு செல்லுதலே அத்திட்டம்.

திட்டம் ஒரு சங்கிலி. அதன் நடுக்கண்ணியாகிய முள்ளியான் கால்வாய் முற்றுப்பெறவில்லை. தொண்டைமானாற்றின் மரக்கதவுகள் காலப்போக்கில் சிதைவுற்றன. கடல்நீர் மீண்டும் உட்புகுந்தது. போரே அனைத்தையும் அழித்தது என்பார் உளர். போரின் அழிவு மறுக்கவியலாதது. ஆயின் கால்வாய் 1983க்கு முன்னரே தடைப்பட்டிருந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். அணையைக் கட்டுதற்கு ஒருமுறை நிதி ஒதுக்கினாற் போதும். கதவைப் பேணுதற்கோ ஆண்டுதோறும் ஒதுக்குதல் வேண்டும். முன்னையதற்குத் திறப்புவிழா உண்டு, பின்னையதற்கு இல்லை.

இதே காலத்தில் விரைந்த மாற்றமொன்றை விளைவித்தது நீரிறைக்கும் இயந்திரமாகும். துலாவினால் பலர் கூடி இறைத்த நீரை மண்ணெண்ணெய் இயந்திரம் சில மணி நேரத்தில் இறைத்தது. 1970-1977 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலையைத் தந்தன. குடாநாட்டின் கமக்காரர் செழித்தனர். 1977இல் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டதும் அச்செழிப்புத் தளர்ந்தது. இயந்திரம் மாறவில்லை, கிணறு மாறவில்லை, சந்தையே மாறிற்று. மேலும், மிகையாக இறைக்கப்பட்ட இடங்களில் அடியிலிருந்த உவர்நீர் மேலெழுந்தது. நீரை எடுக்கும் கருவி பெருகியது. நீரை நிரப்பும் அணை பழுதுற்றுக் கிடந்தது.

மின்விசையின் கதையும் இத்தகையதே. 1990இல் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட குடாநாடு, போர் முடிந்த 2009க்குப் பின்னரே மீண்டும் அதனோடு இணைந்தது. இடைக்காலத்தில் எண்ணெயால் இயங்கும் மின்நிலையங்களே துணைநின்றன. ஆயின் சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019இல் பணித்தது. ஒளி தந்த முதலீடே கிணற்றைக் கெடுக்கவும் கூடும் என்பதற்கு இது சான்று.

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொணரும் முயற்சியைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். அவர்தம் வயல்களும் அந்நீரையே நம்பியிருந்தன. இறுதியில் 2024இல் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரவல்ல கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. மழைநீரைக் கடலுக்கு விட்டு, கடல்நீரை மின்விசையால் நன்னீராக்கும் நிலை இது. குடிநீர்த் தேவைக்கு அது உதவும். தோட்டங்களுக்கு நீர் தரும் நிலத்தடிப் படையை அது நிரப்பாது.

ஆகவே முதலீடு பொருளாதாரத்தை மாற்றுமா என்ற வினாவுக்கு, மாற்றும் என்பதே விடை. எத்திசையில் மாற்றும் என்பதைச் செலவிட்ட தொகை தீர்மானிப்பதில்லை. தொடங்கியதை முடித்தலும், முடித்ததைப் பேணுதலும், ஒரு துறையின் ஆக்கம் மற்றொன்றின் அழிவாகாவண்ணம் காத்தலும் தீர்மானிக்கின்றன. தொண்டைமானாற்று அணை பிற்காலத்தில் புனரமைக்கப்பட்டுள்ளது. அதன் கதவுகளை உரிய காலத்தில் அடைப்பதும் திறப்பதும் பழுதுபார்ப்பதுமாகிய எளிய பணிகளிலேயே அம்முதலீட்டின் பயன் தங்கியுள்ளது.